பெற்றாரில் ஒருவர்

"நான் இந்தக் கதிரையை விட்டு எழும்ப மாட்டன், மிஸ். பொலிசைக் கூப்பிடுறதெண்டாலும் கூப்பிடுங்க!"

கனகசிங்கம் சொன்னால் சொன்னதுதான். மண்டூர் முருகனோடேயே கோபித்துக்கொண்ட மனிதரல்லவா! இரண்டு திருவிழாவாகக் கோயிலுக்குள் கால் வைக்கவில்லை. போட்ட சேட்டோடு வெளிவீதியில் நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடுவார். ஆள் வேதத்துக்கு மாறிவிட்டார், கிறிஸ்தவராகிவிட்டார் என்று ஊரே கதைத்தது. கதைக்கட்டும் என்று அவரும் விட்டுவிட்டார்.

யுத்தம் முடிந்து ஒரு வருடம். மட்டக்களப்பு டவுனில் ஒரு காப்புறுதிக் கந்தோர். மேசைக்கு அந்தப் பக்கம் மிஸ் ஐறிஸ், இந்தப் பக்கம் கனகசிங்கமும் மகள் தக்ஷாயினியும்.

தக்ஷாயினிக்குப் பரம்பரையாக மார்புப் புற்றுநோய் வரக்கூடுமா என்று கொழும்பில் இரத்தம் சோதிக்க வேண்டும். அவளுக்கு இப்போதுதான் அரசாங்கப் பள்ளியில் ஆசிரியை வேலை கிடைத்திருந்தது. வேலையோடு வந்த காப்புறுதி அந்தச் செலவை ஏற்க வேண்டும் என்பதுதான் கனகசிங்கத்தின் வழக்கு.

"விதி விதிதான் ஐயா," என்றார் ஐறிஸ். "பெற்றாரில ஒராளுக்கு மார்பில புற்றுநோய் வந்திருந்தா மட்டும்தான் சோதனைக்குக் குடுப்பம். இவட அம்மாவுக்கு வந்ததா?"

"வாறதுக்கு அவள் எங்க இருந்தாள்? நாப்பது வயசு கூட முடியல்ல, கல்குடாவில கடல் கொண்டுபோயிட்டு."

"அப்ப ஒண்டும் செய்ய ஏலாது."

"என்ட தங்கச்சி சீதேவிப்பிள்ளை இந்த வருத்தத்திலதானே செத்தவள்?"

ஐறிஸ் சிரித்துவிட்டார். "அவ பிள்ளைக்கு மாமி, ஐயா. கோயில் உரிமை எண்டு வந்தா நீங்களே தாய்வழிக் குடியைத்தானே பாக்கிறீங்க? தகப்பன்ட பக்கத்தை ஆரு கணக்கெடுக்கிற?"

கனகசிங்கத்துக்குச் சுள்ளென்று ஏறியது.

"கல்குடாவில இப்ப சுனாமி வருதெண்டு ஊதுறதுக்குக் கோபுரம் கட்டியிருக்கு. என்ட பொஞ்சாதி போன பிறகு கட்டின கோபுரம்! இவளுக்கும் வருத்தம் வந்த பிறகுதான் ஊதுவீங்களா, மிஸ்?"

கந்தோரே திரும்பிப் பார்த்தது. தக்ஷாயினிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"அப்பா, வாங்க போவம். எனக்கு ஒண்டுமில்ல," என்று அவர் கையை இழுத்தாள். பிறகு ஐறிஸிடம் மெதுவாகச் சொன்னாள். "குறை நினைக்காதீங்க மிஸ். கொழும்பில கண் ஒப்பரேஷன் செஞ்சிட்டு வந்ததில இருந்து அப்பா இப்பிடித்தான். சாமியோடயும் கோவம், சனத்தோடயும் கோவம்."

"சும்மா இரி புள்ள!"

ஐறிஸ் பொறுமை இழந்து கோப்பை மூடினார். "இங்க பாருங்க ஐயா. அம்மாவுக்கு வந்ததெண்டு ஒரு ஆதாரம் காட்டுங்க, இப்பவே கையெழுத்து வைக்கிறன். இல்லாட்டி அடுத்த ஆளுக்கு இடம் விடுங்க."

"அம்மாவுக்கா? பெற்றாரில ஒராளுக்கு எண்டுதானே முதல்ல சொன்னீங்க?"

"ரெண்டும் ஒண்டுதானே!"

"ஒண்டில்ல!"

கனகசிங்கம் எழுந்தார். எழும்ப மாட்டேன் என்று அடம்பிடித்தவர் எழுந்ததும் தக்ஷாயினிக்கு அப்பாடா என்றிருந்தது. கைப்பையை எடுத்துக்கொண்டு வாசலைப் பார்த்தாள்.

ஆனால் அவர் வாசல் பக்கம் போகவில்லை. சேட்டுப் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கினார்.

"ஐயோ, பொம்பிளையள் இருக்கிற இடத்தில என்ன வேலை இது!" ஐறிஸ் பதறி எழும்பினார்.

அவர் சேட்டை இரு கையாலும் அகல விரித்தார். இடப்பக்கம் காம்பு இல்லை, சதையும் இல்லை. நடுநெஞ்சிலிருந்து கமக்கட்டு வரைக்கும் ஒரே தழும்பு.

தக்ஷாயினியின் கைப்பை கீழே விழுந்தது.

"அப்பா... கண் ஒப்பரேஷன் எண்டீங்களே..."

கனகசிங்கம் மகள் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அழுதுவிடுவார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஐறிஸையே பார்த்தார்.

"சேட்டைக் கழட்டி முருகனுக்கே காட்டாத நெஞ்சு, மிஸ். பெத்தவன் நான்தான், எழுதுங்க!"