முந்தாநாள் வரைக்கும்

தேர்தல் வந்தால் உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தாக வேண்டும். ஜெபசிங்கின் பாயிண்ட் டூ டூ துப்பாக்கிக்கு நூறு வயது. அடியிலிருக்கும் லீவரை இறக்கி ஏற்றினால் அடுத்த தோட்டா பூனை மாதிரி வந்து உட்காரும். பெற்ற மகளை மடியில் வைத்திருந்ததைவிட ஆயிரம் மடங்கு நேரம் அதை வைத்துத் துடைத்திருக்கிறார். தோட்டா இல்லாமல் விசையை இழுத்தால் மட்டும் உள்ளேயிருந்து தோட்டாவை வெடிக்க வைக்கும் ஊசி இரும்பில் மோதி நசுங்கிவிடும். இழுக்கக் கூடாது என்று கொட்டை எழுத்தில் சீட்டு எழுதிக் கட்டித்தான் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து வாங்கப் போனார்.

"சினிமாத் துப்பாக்கி சார் இது! ஸ்டேஷனுக்கே இதுதான் பொழுதுபோக்கு." ஏட்டு சிங்காரவேலு லீவரை ஏற்றி விசையை இழுத்தார். டக்.

"சீட்டு கட்டியிருந்தேனே, ஏட்டையா?"

"படிச்சோம் சார். நெசமாவே நசுங்குதான்னு தினம் இழுத்துப் பார்த்தோம். முந்தாநாள் வரைக்கும் ஒண்ணுமே ஆகல."

ஏட்டு பதிவேட்டைத் தள்ளினார்.

"'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்'னு எழுதுங்க. வேற மாதிரி எழுதினா விசாரணைன்னு கோர்ட்டுக்குப் போயிடும். உங்க ஆயுசுக்கும் திரும்பாது."

ஜெபசிங் ஒரு எழுத்துக்கூடப் பிசகாமல் எழுதினார். நன்றியும் சொன்னார். தெருமுனை தாண்டும்வரை கையிலிருந்ததை அவர் குனிந்து பார்க்கவே இல்லை.