ஆறாத குழி

நாற்காலிக்கு மேலுள்ள விளக்கின் வெளிச்சம் வேளாங்கண்ணியின் திறந்த வாய்க்குள் விழுகிறது. பல் பிடுங்கிய குழி மாதக்கணக்கில் ஆறவில்லை. ஈறு விலகித் தாடை எலும்பு மஞ்சளாகத் தெரிகிறது. "எலும்புக்கு ஊசி ஏதாச்சும் போடறீங்களா?" என்று பல் டாக்டர் கலைமதி கேட்கிறார். "மார்ல வந்த கேன்சர் முதுகெலும்புக்குப் போயிருச்சுங்க. ஒடையாம இருக்க மாசாமாசம் போடறாங்க" என்கிறான் கணவன் மதலைமுத்து. "அந்த ஊசி சில பேருக்குத் தாடைய இப்படிப் பண்ணிடும்." வேளாங்கண்ணி எச்சிலைத் துப்பிவிட்டு, ஈரமான துண்டால் வாயைத் துடைக்கிறாள். "நிறுத்துனா முதுகு ஒடிஞ்சிராதுங்களா?" கலைமதி கையுறையை மெல்லக் கழற்றுகிறார். மதலைமுத்து மனைவியின் வீங்காத கன்னத்தில் உள்ளங்கையை வைக்கிறான். அவள் தலையின் பாரம் முழுவதையும் அதில் சாய்த்துக் கண்களை மூடிக்கொள்கிறாள்.