செம்புச் சுருளின் முரண்டு

ஒரு மரப்பெட்டிக்குள் ஒரு காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் குடியிருந்தன. சுருளின் இரு முனைகளையும் இணைத்து ஒரு குட்டி பல்பு அவ்வப்போது மினுங்கியபடி தொங்கியது. காந்தத்துக்குச் சுருளின் குணம் பிடிபடவே இல்லை. கிட்டே போனால் தள்ளும், விலகினால் இழுக்கும்.

"வந்தா வராதேங்கிற, போனா போகாதேங்கிற. உனக்கு என்னதான் வேணும்?"

"எனக்கே தெரியலை. நீ அசைஞ்சாலே எனக்குள்ள என்னவோ ஓட ஆரம்பிச்சுடுது" என்றது சுருள்.

சலித்துப்போன காந்தம் ஒருநாள் சுருளின் நடுவில் போய் அசையாமல் உட்கார்ந்துவிட்டது. தள்ளலும் இல்லை, இழுவையும் இல்லை. இரண்டுக்கும் அப்பாடா என்றிருந்தது. பல்பு அணைந்துபோனதை இரண்டுமே கவனிக்கவில்லை.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. வாயில் முட்டையைக் கவ்விக்கொண்டு ஓர் எறும்பு பெட்டிக்குள் நுழைந்தது. பின்னாலேயே தண்ணீரும் வந்தது. எறும்பு முட்டையைக் கீழே வைத்துவிட்டுக் கத்தியது: "யாராவது வெளிச்சம் காட்டுங்களேன்! மேலே ஏற வழி தெரியலையே!"

காந்தம் பதறிப்போய்ச் சுருளைவிட்டு வெளியே பாய்ந்தது.

"போகாதே!" என்று சுருள் இழுத்தது. பல்பு பளிச்சென்று மின்னியது.

காந்தம் ஒரு கணம் திகைத்தது. பிறகு உள்ளே பாய்ந்தது.

"வராதே!"

மறுபடி வெளிச்சம். காந்தம் நிற்காமல் உள்ளும் வெளியுமாக ஓடியது. எறும்பு முட்டையோடு சுவரேறி மேல்விளிம்பைத் தொட்டது.

"அதான் ஏறிடுச்சே, இனியாவது உட்காரேன்" என்றது சுருள்.

"அதோட கூட்டமே பின்னால வருது" என்றது காந்தம், மூச்சு வாங்கியபடி. "நீ இன்னும் கொஞ்சம் பலமாத் தள்ளு."