கரடி தின்ற கொன்றை

"எங்கம்மா வரும்போது அந்தக் கூடைய மட்டும் எங்கனா மறைச்சி வச்சிடு."

"இன்னா, திருட்டுப் பொருளா அது? எங்க சோறே அதுலதாங்க கீது."

முந்தின நாள் போனில் எழில்மதி சொன்னது, மலை ஏறும் வழியெல்லாம் இளஞ்செழியனை உறுத்தியது. மூங்கில்துறைப்பட்டிலிருந்து பெண் பார்க்க அவனும் அம்மா பச்சையம்மாளும் மட்டும்தான் வந்தார்கள். அப்பா இல்லை. அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று ஒன்றை அவன் பார்த்ததே இல்லை. அவள் ஒருத்தி வேண்டாமென்றால் கல்யாணம் நடக்காது.

கூடை வாசலிலேயே இருந்தது. அதற்குள் கறுப்பாக, கொழகொழவென்று கரடி எச்சம். ஈ மொய்த்தது. புளித்த நாற்றம் குடலைப் புரட்டியது. எழில்மதி அதை வெறுங்கையால் பிசைந்து, தண்ணீரில் அலசி, விதைகளைத் தனியே எடுத்துக்கொண்டிருந்தாள்.

பச்சையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"கொன்றை விதைங்க. கரடி வயித்துல போய் வந்தாத்தான் நல்லா முளைக்கும். கன்னு வளத்து விக்கிறோம்," என்றாள் எழில்மதி.

"காட்டுல கெடந்தத மொத்தமா வாரிக்கினு வந்துட்டியா?"

"இல்லீங்க, காட்டுலயும் முளைக்கணுமே, பாதிய அங்கியே வுட்டுட்டேன்."

"ம்," என்றாள் பச்சையம்மாள். கொடுத்த காபியைத் தொடவில்லை. விறுவிறுவென்று காரில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

இளஞ்செழியன் வண்டியைக் கிளப்பினான்.

"ம்மா, அந்த நாத்தத்த மனசுல வச்சிக்காத."

பச்சையம்மாள் ஜன்னல் வழியாகக் காறித் துப்பினாள்.

"எனக்கும் கொமட்டிக்கினுதான் வந்துது," என்றான் அவன். "கல்யாணம் ஆவட்டும், இந்தப் பீ அள்ற வேலைய வுட வச்சிடறேன். மலைப்பக்கமே அவ வரமாட்டா. இவ எந்த ஊருன்னு கீழ யாருக்கும் தெரியவே வாணாம்."

பச்சையம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். அருவருப்பு இன்னும் முகத்திலிருந்து போகவில்லை. அந்த முகத்தோடே மகனைப் பார்த்தாள்.

"உங்கப்பாவும் இதேதான்டா சொல்லி என்னக் கட்டிக்கினு போனாரு."

அவன் கால் தானாக பிரேக்கை மிதித்தது.

"கீழ போவாத. மேல அடுத்த ஊருதான், எங்கண்ணன் வூட்டுக்கு என்ன ஒருவாட்டி கூட்டிக்கினு போ."