மிக்ஸி ஜாருக்கு வந்த சண்டை

பஸ்ஸின் நடுவே ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த பெண்ணின் தலையிலிருந்த நீலக் கிளிப்பைப் பானுமதிக்கு நன்றாகத் தெரியும். காலையில் அதை மாட்டிவிட்டதே அவள்தான்.

கவிப்பிரியா. பெற்ற மகள். சாயங்காலம் வரைக்கும் கல்லூரியில் வகுப்பு இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனவள்.

பக்கத்தில் ஒரு பையன். ஒரே இயர்போனின் ஒரு முனை அவன் காதில், இன்னொரு முனை இவள் காதில். எதற்கோ இரண்டு பேரும் சிரித்தார்கள்.

பானுமதி தருமபுரிக்கு வந்து மிக்ஸி ஜாருக்குப் பிளேடு மாற்றிக்கொண்டு, கூட்டத்தோடு கூட்டமாகப் பின்வாசலில் ஏறியிருந்தாள். பெண்களுக்குக் கட்டணமில்லாத டவுன் பஸ். கால் வைக்க இடமில்லை. மகள் திரும்பிப் பார்க்கவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. நேராகப் போய் நாலு அறை விடலாமா என்று கை துடித்தது. வீட்டில் எத்தனை மல்லுக்கட்டி இவளைப் படிக்க அனுப்பினாள்! "ஊருல ஒரு சொல்லு வரட்டும், அன்னைக்கோட படிப்பு முடிஞ்சுது" என்று சொல்லித்தான் கணவன் வீரமணி சம்மதித்தான். பாலக்கோட்டில் அவனுடைய அக்கா, தன் மகனுக்குப் பெண் கேட்டு எப்போது எப்போது என்று காத்துக்கொண்டிருக்கிறாள்.

கவிப்பிரியா மறுபடியும் சிரித்தாள். இவள் வீட்டில் இப்படிச் சிரித்துப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று என்று தோன்றியதும் பானுமதியின் கோபம் பாதி வடிந்துவிட்டது.

எந்த ஊரோ, யார் பிள்ளையோ. கேட்க வேண்டியதுதான். ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் பெற்றவள். ஊருக்கு என்ன வந்தது?

இந்த நினைப்பு முடிவதற்குள் பஸ் நின்றது. பின்வாசலில் சின்னம்மாள் ஏறினாள்.

வேறு யார் ஏறியிருந்தாலும் பானுமதி தெய்வத்துக்கு ஒரு தேங்காய் உடைத்திருப்பாள். சின்னம்மாள் இண்டூரில் இவர்கள் தெருவேதான். உலை வாயை மூடலாம், சின்னம்மாள் வாயை மூட முடியாது என்று பழமொழியையே மாற்றி வைத்திருந்தார்கள் ஊரில். அவள் கண்ணில் ஒன்று பட்டால், விளக்கு வைப்பதற்குள் கடைசி வீட்டுக்குப் போய்விடும். போதாததற்கு அவளோடு இன்னும் இரண்டு இண்டூர்ப் பெண்களும் ஏறியிருந்தார்கள்.

"உள்ள போங்கம்மா, முன்னாடி போங்க!" என்று கண்டக்டர் விரட்டினார்.

சின்னம்மாள் கழுத்தை நீட்டி முன்பக்கம் பார்த்தாள். காலையும் எடுத்து வைத்தாள்.

"ஏக்கா, கண்ணு தெரியலயா? புதுசா பிளேடு மாத்துன ஜாரு, இடிச்சு ஒடச்சுட்டியே!" என்று பானுமதி கத்தினாள்.

ஜாருக்கு ஒன்றும் ஆகவில்லை. பையில் பட்டது சின்னம்மாளின் முந்தானை மட்டும்தான்.

பானுமதி ஒரு வாயில்லாப் பூச்சி. குழாயடியில் நாலு பேர் தன்னைத் தாண்டிக் குடம் வைத்தாலும் பேசாமல் நிற்கிறவள். அவள் கத்திய கத்தலில் அவளுக்கே காது அடைத்தது.

சின்னம்மாள் ஒரு நொடி அவளையே பார்த்தாள். பிறகு முந்தானையை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"யாரப் பாத்துடி கண்ணு தெரியலன்ற? ஓட்ட ஜாரத் தூக்கிக்கிட்டு வந்து வழியில நின்னா, ஒடையாம என்ன பண்ணும்?"

சண்டை பற்றிக்கொண்டது. சின்னம்மாள் வழியை அடைத்துக்கொண்டு நின்றாள். கூட வந்த இரண்டு பேரையும், "நீங்களே சொல்லுங்கடி ஞாயத்த" என்று கையைப் பிடித்துத் தன் எதிரில் இழுத்து நிறுத்தினாள். ஜாரில் ஆரம்பித்தது, பானுமதியின் ஆடு என்றைக்கோ கடலைக் காட்டில் மேய்ந்த கதை வரைக்கும் போனது. பானுமதியும் விடவில்லை. ரெண்டு பேரையும் நடு ரோட்டில் இறக்கிவிடுவேன் என்று கண்டக்டர் மிரட்டினார்.

அம்மாவின் குரல் கேட்டு நீலக் கிளிப் திரும்பியது. மகளின் முகம் வெளுத்துப் போனதைப் பானுமதி பார்த்தாள். பார்க்காத மாதிரி இன்னும் பலமாகக் கத்தினாள்.

அடுத்த நிறுத்தத்தில் துப்பட்டாவைத் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டு கவிப்பிரியா முன்வாசலில் இறங்கிப் போனாள். ஊர்க்காரர்கள் ஒருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. அவர்களுக்கு ஜார்ச் சண்டையே போதுமானதாக இருந்தது.

இண்டூரில் எல்லோரும் இறங்கினார்கள். கூட வந்த இருவரும் தங்களுக்குள் சிரித்தபடி முன்னால் நடந்தார்கள். பானுமதி சின்னம்மாளோடு பின்தங்கினாள். வயதில் மூத்தவளை, ஒரு காரணமுமில்லாமல், அத்தனை பேருக்கு நடுவில் பேசிவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

"அக்கா... தப்பா நெனச்சுக்காதீங்க" என்றாள்.

முன்னால் போகிறவர்கள் தூரமாகப் போகட்டும் என்று சின்னம்மாள் பொறுத்திருந்தாள்.

"புள்ள பத்தரமா எறங்கிட்டாளா?"

பானுமதி அப்படியே நின்றுவிட்டாள்.

"பஸ்ஸு வந்து நிக்கறப்பவே ஜன்னல்ல பாத்துட்டன். இவளுங்க முன்வாசல்ல ஏறப் பாத்தாளுங்க. நாந்தான் பின்னால இழுத்துக்கிட்டு வந்தன்."

பானுமதிக்கு அழுகைதான் வந்தது. சின்னம்மாள் அவள் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு நடந்தாள்.

"வூட்டுக்கு வந்தா அடிக்காத. யாரு, என்னன்னு ஒக்கார வெச்சுக் கேளு."

கொஞ்ச தூரம் போன பிறகு திரும்பிப் பார்க்காமலே சொன்னாள்:

"எங்க பொண்ணு ராஜாமணியையும் இப்படித்தான் பஸ்ஸுல பாத்துட்டு வந்து யாரோ சொன்னாங்க. படிப்ப நிறுத்தி, மறு மாசமே கட்டிக் குடுத்துட்டம். அன்னைக்கு அந்த பஸ்ஸுல சண்ட போட ஒருத்தியும் இல்ல பானு."