ஜூனியரிடம் கொடுத்த கட்டு

“ஏ பிள்ள, ஒன்னத்தான்! அங்கன எதிராளிகூட என்ன சோலி? இங்கன வா!”

விருதுநகர் நீதிமன்ற வராந்தாவில் உட்கார்ந்திருந்த மூத்த வக்கீல் காசிராஜன் கத்தியதில் பாதிக்குமேல் வெறும் காற்றுதான் வந்தது. ஜூனியர்களைத் திட்டித் திட்டியே தொண்டை கட்டிப்போய் இரண்டு நாளாகிறது. தூணடியில் வள்ளித்தாய்க்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுத்துக்கொண்டிருந்த கறுப்புக் கோட்டுப் பெண் திரும்பிப் பார்த்து, எழுந்து வந்தாள்.

பார்க்கப் பார்க்க அவருக்கு எரிச்சலாய் வந்தது. இரண்டு வருஷம் நம்ம ஆபீசில் பை தூக்கிய பிள்ளைதானே இவள்? கொஞ்ச நாளாய் ஆளையே காணோம், எங்கே போய்த் தொலைந்தாளோ. இப்போது வந்து எதிர்க்கட்சிக்காரிக்கு உபசாரம் செய்கிறாள், வெட்கங்கெட்டது!

பை தூக்கவும் எச்சில் டம்ளர் கழுவவும்தான் அவருக்கு ஜூனியர்கள். கேஸ் கட்டைத் தொடவிட மாட்டார். தொட்டால் தொழிலைக் கற்றுக்கொண்டு போய்விடுவார்களாம். சீ, இப்படியும் ஒரு பிறவி!

வள்ளித்தாயின் புருஷன் கருப்பணன், ஆமத்தூர்ப் பக்கம் பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அறை வெடித்துச் செத்தவன். “அவன் எங்க ஆளே இல்ல, சும்மா வேடிக்கை பார்க்க வந்தவன்” என்று முதலாளி மணிகண்டராஜ் கூசாமல் சொல்லிவிட்டார். அந்தப் பொய்க்குத்தான் காசிராஜன் வக்கீல்.

அது எடுபட்டால் வள்ளித்தாய்க்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் நஷ்டஈடு என்று சல்லிக்காசு கிடைக்காது. அவளுடைய பழைய வக்கீல் வேறு போன வாரம் விலகிக்கொண்டார். திருத்தங்கலிலிருந்து புதிதாய் யாரோ வருவதாகக் கேள்வி. யாரென்று விசாரிக்கக்கூடக் காசிராஜன் மெனக்கெடவில்லை.

இனி வாய்தா கிடையாது என்று நீதிபதி கறாராய்ச் சொல்லியிருந்தார்; இந்தத் தொண்டையோடு காசிராஜன் வாதாடவும் முடியாது. மற்ற ஜூனியர்களில் ஒருவனை வீட்டுக்குச் சிலிண்டர் எடுக்கவும், இன்னொருவனை மாப்பிள்ளையின் காரைச் சர்வீசுக்கு விடவும் காசிராஜனே காலையில் அனுப்பிவிட்டார். கைக்கு அகப்பட்டது இவள் ஒருத்திதான்.

அப்போதுதான் வக்கீல் சங்கத்தில் போன சனிக்கிழமை நடந்த வகுப்பு நினைவுக்கு வந்தது. மூத்த வக்கீல்கள் ஜூனியர்களிடம் எப்படி வேலையை ஒப்படைக்க வேண்டும் என்று மதுரையிலிருந்து ஒருவர் வந்து மணிக்கணக்காய்ப் பேசினார். முதலில் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள்; செய்ய வேண்டியதைத் தெளிவாய் எழுதிக் கொடுங்கள்; கொடுத்தபிறகு குறுக்கே போகாதீர்கள். அவர் அச்சடித்துத் தந்த தாளில் காசிராஜன் வடை எண்ணெயைத்தான் ஒற்றி எடுத்தார்.

‘பேராம் பேரு! இந்தக் கழுதைகளோட பேரையெல்லாம் எவன் ஞாபகம் வச்சிருக்கிறது?’ என்று அதை ஒதுக்கிவிட்டு, மற்ற இரண்டையும் செய்யத் துணிந்தார். ஒரு சீட்டில் மளமளவென்று எழுதி, கையெழுத்தும் போட்டு, கட்டின்மேல் செருகி நீட்டினார்.

“இந்தா, இந்தக் கேஸ் இனி ஒன் பொறுப்பு.”

“ஐயா, நான் வந்து...”

“இழுக்காத! வாங்கு.”

“இல்லங்கய்யா, நான் இப்ப உங்க...”

“வாயைத் தொறக்காதன்னா தொறக்காத! என் தொண்டை கெடக்குற கெடையில ஒன்கூட மல்லுக்கட்டவா? சீட்டைப் படி!”

அவள் படித்தாள். கம்பெனியின் அசல் வருகை நோட்டு கட்டுக்குள் இருக்கிறது. அதில் பதினோரு மாதமாய்க் கருப்பணனின் கைநாட்டு இருக்கிறது. அது கோர்ட்டு கண்ணில் படக்கூடாது. அந்தப் பொம்பளையை நாலு கேள்வியில் அழவைத்து இறக்கிவிடு. இதுதான் சீட்டு.

அழுகின முட்டையை உடைத்துவிட்டவள் மாதிரி அவள் முகம் சுளித்தாள். பயந்துவிட்டாள் என்று காசிராஜன் நினைத்துக்கொண்டார்.

“அந்த நோட்டு நெசமாவே இதுக்குள்ள இருக்காங்கய்யா?”

“பின்ன? அட்டைக்கு அடியில பாரு. கம்பெனியில வச்சிருந்தா ஆபீசருக வந்து கிண்டுவாகன்னு மொதலாளி எங்கிட்டக் கொடுத்துட்டாரு.”

அவள் தூணடியில் உட்கார்ந்திருந்த வள்ளித்தாயை ஒருமுறை பார்த்தாள். பிறகு கேட்டாள்:

“இதை வச்சு எனக்குச் சரின்னு படுறதைச் செய்யலாமாங்கய்யா?”

“செஞ்சு தொலை! நான் குறுக்க வர மாட்டேன்.”

கட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவள் உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் டவாலி வழக்கைக் கூப்பிட்டார். காசிராஜன் கடைசி வரிசையில் சாய்ந்து உட்கார்ந்து, பனங்கற்கண்டை வாயில் ஒதுக்கினார். மதுரைக்காரன் சொன்னதிலும் விஷயம் இருக்கத்தான் செய்கிறது, வேலையை அடுத்தவர் தலையில் கட்டினால் எம்புட்டுச் சுகம்!

வள்ளித்தாய் கூண்டருகே வந்து நின்றாள். நீதிபதி காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

“மனுதாரருக்குப் புது வக்கீல்னு வக்காலத்து வந்திருக்கு. யாரு?”

அந்தத் திருத்தங்கல் ஆள் எங்கே என்று காசிராஜனும் கண்ணை ஓட்டினார். யாரும் அசையவில்லை. வள்ளித்தாயின் பக்கத்தில் போய் நின்ற அந்தப் பெண்தான் கட்டை மேஜைமேல் வைத்தாள். அதன்மேல் அவர் எழுதிய சீட்டு, அதன்மேல் அந்த நோட்டு.

“இசைவாணி, ஐயா. வள்ளித்தாயோட வக்கீல்.”