காலி மூலை

மூன்று மரங்களுக்கு நடுவே நாடாப் பட்டைகளால் இழுத்துக் கட்டிய தொங்கு கூடாரத்தில் நானும் என் கணவரும் தூங்கினோம். தரையிலிருந்து இடுப்பளவு உயரம். ஆளுக்கொரு மூலையில் படுத்தோம். மூன்றாவது மூலை காலி. பைகளைக்கூட வெளியே கிளையில் மாட்டியிருந்தோம். ஒருவர் இறங்கினால் கூடாரம் மற்றவர் பக்கம் சரிந்துவிடும். அதனால் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும் என்று பேசி வைத்திருந்தோம்.

காலையில் கண் விழித்தபோது அவர் கீழே டீ போட்டுக்கொண்டிருந்தார்.

"சொல்லாம இறங்கிட்டீங்களே, நான் உருண்டிருந்தா?"

"எங்க உருண்ட? கூடாரம் அசையவே இல்ல. மகாராணி குறட்டையில இருந்தீங்க, எழுப்ப மனசு வரல."

அவர் சொன்னது சரிதான். நான் என் மூலையிலேயே கிடந்தேன். கூடாரம் மட்டமாக இருந்தது.

"இறங்கி வா, டீ ஆறுது."

வாசல் அவர் படுத்திருந்த மூலையில் இருந்தது. அதை நோக்கி ஒரு முழம் தவழ்ந்தேன். காலி மூலையில் துணி மெல்லத் தாழ்ந்தது, வாசல் உயர்ந்தது. பின்வாங்கினேன், மட்டமானது. மறுபடி தவழ்ந்தேன். இந்த முறை வாசல் அவர் கைக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விட்டது.

"என்ன சர்க்கஸ் காட்டுற? ஆடாம இரு, நான் வரேன்."

என் மூலைக்குத் திரும்பி அசையாமல் படுத்தேன். வாசல் இறங்கியது. அவர் ஜிப்பைத் திறந்து, சிரித்துக்கொண்டே தலையை உள்ளே நீட்டினார். என்னைப் பார்த்தார். பிறகு காலி மூலையைப் பார்த்தார்.

சத்தம் வராமல், ஜிப்பை மெதுவாக மூடினார்.